புல்தரையில் உருவான ஆட்டம்

புது தில்லி: டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் 1987-ஆம் ஆண்டின் முதல் சுற்றில், தில்லியின் புல்தரையில் ஆர்ஜென்டீனாவை இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது. களிமண் தரையில் தேர்ந்த மார்ட்டின் ஹைட்டேயிடம் தோல்வியின் விளிம்பு வரை சென்ற 33 வயது விஜய் அமிர்தராஜ், அங்கிருந்து மீண்டு வெற்றி பெற்றார். பின்னர் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவும் வீழ்ந்தது. டிசம்பரில் இறுதியாட்டத்தை நடத்திய ஸ்வீடன், கோதன்பர்க் நகர உள்ளரங்கில் களிமண் தரையை அமைத்தது. இந்தியா 0-5 எனத் தோற்றது.

ஸ்வீடன் அப்போது உலகின் வலுவான அணிகளில் ஒன்று என்பதை மறுக்க இயலாது. ஆனால், ஆட்டத்தை நடத்தும் நாடே தரையைத் தேர்வு செய்யலாம் என்ற விதியை அது வீணாக்கவில்லை. இந்தியாவும் பல்லாண்டுகளாக அதையே செய்து வந்தது.

புல்லில் விழும் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். மட்டையைப் பின்னுக்கு நெடுந்தூரம் இழுத்து அடிக்க அவகாசம் இராது. குறுகிய வீச்சு, மென்மையான மணிக்கட்டு, வலையருகே விரையும் துணிவு ஆகியவையே அங்கு கைகொடுக்கும். களிமண்ணோ பந்தைப் பற்றி, வேகத்தைக் குறைத்து, தோள் உயரத்துக்கு எழுப்பும். சறுக்கியபடி ஓடிப் பந்தை எட்டுவதும், முன்சுழற்சி கொடுத்து மணிக்கணக்கில் பொறுமையாகத் திருப்பி அனுப்புவதும் அதன் பாடங்கள்.

ஆங்கிலேயர் காலத்துக் கிளப்புகளின் புல்தரைகளில்தான் இந்திய டென்னிஸ் பேர்பெற்றது. 1960, 1961-இல் விம்பிள்டன் அரை இறுதியை எட்டிய ராமநாதன் கிருஷ்ணனும், 1986-இல் அங்கு கால் இறுதி ஆடிய அவருடைய மகன் ரமேஷும் வேகத்தை நம்பியவர்கள் அல்லர். எதிராளியின் வேகத்தையே தமக்குச் சாதகமாகத் திருப்பியவர்கள். ரமேஷ் 1979-இல் பிரெஞ்சு ஓபன் இளையோர் பட்டத்தையும் வென்றவர். ஆயினும், கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அவர் பிற்பாடு எட்டிய மூன்று கால் இறுதிகளில் ஒன்றுகூடக் களிமண்ணில் வரவில்லை.

இதற்கிடையே உலகம் புல்லைக் கைவிட்டது. 1974 வரை நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. அமெரிக்க ஓபன் 1975-இல் களிமண்ணுக்கும், 1978-இல் கடினத் தரைக்கும் சென்றது. ஆஸ்திரேலிய ஓபன் 1988-இல் புல்லைத் துறந்தது. விம்பிள்டனில்கூட 2001-இல் புல்வகை மாற்றப்பட்டது. மறு ஆண்டே அங்கு இறுதியாட்டம் ஆடிய ஹெவிட், நல்பாண்டியன் இருவரும் பின்கோட்டிலிருந்து ஆடுபவர்களே.

நீர் பாய்ச்சி, வெட்டி, உருளையிட்டுப் பேண வேண்டிய புல்தரை அன்றாடப் பயிற்சியின் தேய்மானத்தைத் தாங்காது. எனவே இந்தியச் சிறுவர்களும் கடினத் தரையிலேயே வளர்ந்தார்கள். புல்லில் வளராத அணிக்குப் புல்தரை சொந்த மண் ஆகுமா? 2019-இல் கொல்கத்தா சவுத் கிளப்பில் புல்லை நம்பிய இந்தியா இத்தாலியிடம் 1-3 எனத் தோற்றது. 2022 மார்ச்சில் தில்லி ஜிம்கானா கிளப்பின் புல்தரையில் டென்மார்க்கை 4-0 என வென்றது. அத்தகைய வெற்றி இரண்டு நாள் தந்திரத்துக்குப் போதும். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆடும் ஒருவருக்கு அதனால் பயன் குறைவு.

ஹரியாணாவின் ஜஜ்ஜரைச் சேர்ந்த சுமித் நாகல் வேறு வழியில் சென்றார். ஜெர்மனியில் பயிற்சி பெற்ற அவர், 2019-இல் பியூனஸ் அயர்ஸ் சேலஞ்சர் பட்டத்தைக் களிமண்ணில் வென்றார். 2024 ஏப்ரலில் மான்டி கார்லோவில் இத்தாலியின் அர்னால்டியை வீழ்த்தி, களிமண் தரை மாஸ்டர்ஸ் போட்டியின் பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியரானார். அதே ஆண்டு பிப்ரவரியில் இஸ்லாமாபாத் புல்தரையில் பாகிஸ்தானை 4-0 என வென்ற இந்திய அணியில் அவர் இல்லை.

ஐரோப்பிய மண்ணில் இந்தியா கடைசியாக 1993-இல், பிரான்ஸின் ஃப்ரெஜுஸ் நகரில், ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும் இடம்பெற்ற அணியைக் கொண்டு 3-2 என வென்றிருந்தது. அது களிமண் தரை என்பது இன்றும் வியப்புக்குரியது. அடுத்த வெற்றிக்கு 32 ஆண்டுகள் ஆயின. 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகர உள்ளரங்கக் கடினத் தரையில் இந்தியா 3-1 என வென்றபோது, நாகல் இரு ஒற்றையர் ஆட்டங்களையும், முதன்முறையாகக் களமிறங்கிய மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் ஓர் ஆட்டத்தையும் வென்றனர். பின்னவர் அமெரிக்கப் பல்கலைக்கழக டென்னிஸில் வளர்ந்தவர்.