கொல்லையில் முளைக்கும் அழையா விருந்தாளிகள்

இரண்டு மழை பெய்துவிட்டால் போதும். நாம் விதைத்தவை முளைக்கு முன்பே, விதைக்காத செடிகள் கொல்லையெங்கும் தலைதூக்கி நிற்கின்றன. உடனே ஆளை அழைத்து, "எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளு" என்று கட்டளையிடுவது நம் இல்லங்களின் வழக்கம். விசாரணையின்றித் தண்டனை விதிப்பது நியாயமாகுமா?

அவற்றுள் குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் அடுப்பங்கரைக்கு வரவேண்டியவை. தும்பையின் சிறு வெண்பூவை நாடித் தேனீக்கள் வருகின்றன. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு, எருக்கிலையைத் தின்றே வளர்கிறது. எருக்கம்பால் கண்ணுக்குத் தீங்கானது என்பதும் மெய்தான். ஆகவே, குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அதற்கு இடமில்லை; வேலியோரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். நெருஞ்சி நடைபாதையில் முளைத்தால், முள் காய்க்கு முன் அகற்றுவதே முறை.

அப்படியாயின் முளைத்தவற்றையெல்லாம் விட்டுவைக்கலாமோ எனின், அதுவும் தகாது. காரட் இலையை ஒத்த இலையும், பொடிப்பொடியான வெண்பூவுமாக நிற்கும் பார்த்தீனியம் என்ற செடியைக் காணாதவர் இன்று அரியர். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி, 1955-ஆம் ஆண்டில் புனே நகரத்தில் காணப்பட்டது; பின்னர் நாடெங்கும் பரவிவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை சொரியும். தொட்டவர் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. அதன் மகரந்தத்தால் மூச்சுத் திணறுவோரும் உளர். கைக்கு உறையிட்டு, பூக்கு முன்பே வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்தபின் பிடுங்கியதை எருக்குழியில் இடுவது, அடுத்த ஆண்டுக்கு நாமே விதைப்பதாகும்.

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு செடியைப் பகைக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. பயிரிட்ட பாத்திக்குள் புகாதவரை அதனால் வீட்டாருக்குத் துன்பமில்லை. பட்டாம்பூச்சிகளுக்கோ அதன் பூவில் தேனுண்டு. பிறந்த இடத்தைப் பாராது, செய்யும் செயலைப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும்.

தீர்ப்பளிக்கப் பெயர் தெரிந்திருத்தல் அவசியம். நம் பாட்டிமார் கொல்லைச் செடி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். அவ்வறிவு வீட்டில் எஞ்சியிருக்கும்போதே குழந்தைகளை அவர்களுடன் ஒரு மாலை கொல்லைக்கு அனுப்புங்கள். மண்வெட்டியை மறுநாள் எடுக்கலாம்.