வீட்டை இழுத்துக்கொண்டு விருந்துக்குப் போவது எப்படி?

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சின்ன ஊர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊர்களில் தங்கும் விடுதிகளுக்குத்தான் பஞ்சம். பிள்ளைகள் சிகாகோ, மினியாபொலிஸ் என்று வேலைக்குப் போய்விட, அத்தையும் பெரியப்பாவும் சோளக் காட்டுக்கு நடுவே பழைய பண்ணைவீட்டில் இருப்பார்கள். ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் இத்தகைய சொந்தங்களை ஒரே சுற்றில் பார்த்து வர டிரெய்லர் நல்ல வழி. அதுவும் அந்த மண்ணின் சரக்குதான். இண்டியானாவின் எல்க்கார்ட் வட்டாரம் டிரெய்லர் செய்யும் தொழிலின் தலைநகரம். ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள் 1952 முதல் ஓஹியோவின் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் தயாராகின்றன. டிரெய்லர் செய்யும் வின்னபேகோ நிறுவனம் 1958இல் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் தொடங்கியது.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே வருவதால் வீட்டாருக்குப் பாய் விரிக்கும் வேலைகூட இல்லை. ஆனால் 2,000 கிலோ எடையுள்ள ஒரு வீடு அவர்கள் வாசலில் நிற்கப் போகிறது. அது யாருக்கும் தொந்தரவாகாமல் இருக்க வேண்டுமானால் வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. வழி வகுத்தல்

டிரெய்லர்காரர்களிடம் ஒரு மூன்று-மூன்று-மூன்று கணக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவு தங்கு. 300 மைல் என்பது ஏறக்குறைய 480 கிலோமீட்டர்.

ஓஹியோவிலிருந்து அயோவா வரை போக இரண்டு வழிகள் உண்டு. சீக்கிரம் போக வேண்டுமானால் 80ஆம் எண் இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலை. ஊர்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமானால் 30ஆம் எண் நெடுஞ்சாலை; 1913இல் அறிவிக்கப்பட்ட பழைய லிங்கன் நெடுஞ்சாலையின் தடத்தைப் பெருமளவு ஒட்டி ஓடுவது. ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் இடையே இரவு தங்க ஊர்ப் பூங்காக்கள் உண்டு. பல சிற்றூர்ப் பூங்காக்களில் மின் இணைப்போடு இடம் கிடைக்கும். பணத்தை உறையில் போட்டு அங்குள்ள பெட்டியில் சேர்த்துவிட்டால் போதும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மே கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே சமயத்தில் குடும்பத்தார் கல்லறைகளுக்குப் பூ வைக்கக் கூடுவார்கள்; எல்லோரையும் ஓரிடத்தில் பார்க்கலாம். ஆனால் அது சூறாவளிக் காலமும்கூட. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு மெல்ல நகரும்.

2. பாரம் ஏற்றுதல்

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பது போலத்தான் இதுவும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்மூக்கில் இறங்க வேண்டும். 2,000 கிலோ வண்டிக்கு 200 முதல் 300 கிலோ. பின்பாரம் கூடினால் ஓட்டத்தில் டிரெய்லர் இரு பக்கமும் ஆடத் தொடங்கும். கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வைக்க வேண்டும். பெரிய லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும். அயோவாவின் வால்காட்டில் உள்ள அயோவா 80, உலகின் மிகப் பெரிய லாரி நிறுத்தம் என்று பெயர் பெற்றது. அங்கும் எடை போடலாம்.

3. பூட்டுதல்

இழுக்கும் வண்டியின் உருண்டையும் டிரெய்லரின் மூக்கில் அதைக் கவ்வும் கப்ளரும் ஒரே அளவா என்று முதலில் பார்க்க வேண்டும். 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என இரண்டு அளவுகள் பெருவழக்கு. பெரிய கப்ளர் சின்ன உருண்டையில் உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிடும். ஆனால் வழியில் கழன்றுகொள்ளும். பூட்டியதும் முன் ஜாக்கியைச் சற்று உயர்த்த வேண்டும். இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. பிறகு சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும். டிரெய்லர் தனியே பிரிந்தால் அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே மாட்ட வேண்டும். கடைசியாக மின் இணைப்பு. ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று விளக்குகளைப் பார்க்க வேண்டும்.

4. ஓட்டுதல்

டிரெய்லர் டயர்களில் பலவும் மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மேல் தாங்காதவை. வண்டி ஆடினால் காலால் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். ஊருக்குள் நெடுஞ்சாலையே கடைத்தெருவாகிவிடும். அங்கே கடைகளுக்கு முன் கார்கள் சாய்வாக நிற்கும், டிரெய்லருக்கு இடமிருக்காது. தானியக் கிடங்கு, சர்ச் போன்ற விசாலமான இடத்தில் கேட்டு நிறுத்திவிட்டு நடப்பதே மேல். வடக்கு இண்டியானாவில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகளுக்கு இடைவெளி விட வேண்டும்.

5. வாசலில் நிறுத்துதல்

பல ஜோடிகளுக்குச் சண்டை வருவது இங்கேதான். அதைத் தவிர்க்கும் வேலை புறப்படும் முன்பே தொடங்குகிறது. வாசலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, தாழ்ந்த கிளை, மின்கம்பி, சரிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் நிறுத்த ஊராட்சித் தடை உண்டா என்றும் கேட்க வேண்டும். பண்ணைவீடு என்றால் கவலை குறைவு. தானிய லாரி திரும்பச் சரளை போட்ட இடம் இருக்கும்.

பின்னால் எடுக்கும்போது, நுழைய வேண்டிய வாசல் ஓட்டுநரின் பக்கம், அதாவது இடக்கைப் பக்கம் வரும்படி தெருவுக்குள் வந்தால் கண்ணாடியில் நன்றாகத் தெரியும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். சைகைகளை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் கத்த வேண்டியதில்லை.

நின்றதும், ரசமட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் பலகை ஏற்ற வேண்டும். அடுத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வண்டியைக் கழற்றலாம். இந்த வரிசை மாறவே கூடாது. முன்பின் மட்டத்தை ஜாக்கியால் சரிசெய்யலாம்.

6. தங்குதல்

வீட்டு பிளக்கில் 15 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது 1,800 வாட்தான் கிடைக்கும். விளக்கு, பேட்டரி சார்ஜர் ஓடும், ஏ.சி.யை நம்பக் கூடாது. தடித்த வயரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். குடிநீருக்கென்றே விற்கும் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். தோட்டக் குழாய் ஆகாது.

சர்ச்சிலோ பூங்காவிலோ ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்துக்கு அழைப்பார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது. பாதுகாப்புக்காக, எந்தக் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) இருக்கிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அயோவாவில் மட்டும் 99 கவுன்ட்டிகள். சூறாவளி எச்சரிக்கை அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வரும். சங்கு ஒலித்தால் டிரெய்லரை விட்டு வீட்டின் நிலவறைக்கு ஓட வேண்டும்.

7. கிளம்புதல்

கழிவை உறவினரின் செப்டிக் தொட்டியில் இறக்காமல், அதற்கென உள்ள நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல், பாத்திர நீர். அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். கேஸை மூடி, படியை மடக்கி, ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. டிரெய்லர்காரர்களின் மூன்று இரவுக் கணக்கும் அதையே சொல்கிறது. சொந்த வீட்டோடு வந்திருக்கிறோம் என்பதற்காக நான்காம் நாளும் உட்கார வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் தடவை ஒரு நாள் தூரத்தில் உள்ள ஒரே உறவினர் வீட்டுக்குப் போய் வாருங்கள். ஓஹியோவிலிருந்து அயோவா வரையிலான பெரிய சுற்றை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.