எழுத்தறிமுகத்தில் நெடுங்கணக்கு வரிசையும் குழந்தையின் பேச்சொலியும்

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை கற்கும் தலையாய திறன் எழுத்தறிதல் ஆகும். தமிழ் எழுத்துகளை எவ்வரிசையில், எச்சொற்களைக் கொண்டு அறிமுகப்படுத்துவது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நெடுங்கணக்கு வரிசை ஒலிப் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட இலக்கண வரிசை. அது கற்போரின் எளிமையை அடிப்படையாகக் கொண்டதன்று. அதனினும் கவனம் பெறாத இடர் படச்சொற்களில் உள்ளது. ‘இலை’, ‘உரல்’ போன்ற சொற்களைப் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் ‘எல’, ‘ஒரலு’ என ஒலிக்கின்றனர். இவ்விடைவெளியை அறியாத கற்பித்தல், குழந்தையின் சரியான செவிப்புலனைப் பிழையாகக் கணிக்க நேரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்தறிமுகம், நெடுங்கணக்கு, படச்சொல், பேச்சுவழக்கு, எழுத்துப்பிழை, தொடக்கக் கல்வி.

முன்னுரை

எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்னும் இலக்குடன் 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர், 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. கற்றல் அட்டைகள், குழுக்கள், ஆடல் பாடல் எனக் கற்பிக்கும் சூழல் பலவாறு மாறியுள்ளது. ஆயினும் எம்முறையாயினும், ஒரு வரிவடிவத்தை ஓர் ஒலியோடு குழந்தை இணைக்கும் கணம் தவிர்க்கவியலாதது. அக்கணத்தில் எழுத்து, சொல், பேச்சு ஆகிய மூன்றும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெடுங்கணக்கின் அமைப்பும் மரபுவழிக் கற்பித்தலும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்டது தமிழ் நெடுங்கணக்கு. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம எனும் இணைகள் ஒலி பிறக்கும் இடத்தைப் பின்பற்றி, அண்ணத்தின் பின்புறத்திலிருந்து இதழ் நோக்கி அடுக்கப்பட்டவை. தொல்காப்பியப் பிறப்பியலின் ஒலியறிவு இவ்வரிசையில் பொதிந்துள்ளது. மொழியை ஏற்கெனவே அறிந்தவர் அதன் ஒலிகளை வகைப்படுத்தும்போது இதனினும் சீரான வரிசை அமைவது அரிது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இவ்வரிசையே கற்பிக்கப்பட்டது. குழந்தை மணலில் விரலால் எழுத்தை எழுதும். எழுதும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்லும். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிப்பர். சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு, தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்றோர் பள்ளியில் பின்பற்றி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. கை, வாய், செவி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஈடுபடுத்தியதே இம்முறையின் வலிமையாகும். ஆனால் அங்குக் குழந்தை நெடுங்கணக்கு முழுவதையும் மனப்பாடம் செய்த பின்னரே சொற்களைப் படிக்கத் தொடங்கியது. அந்தக் காத்திருப்பிற்குப் போதிய காலம் அப்பள்ளிகளில் இருந்தது. இன்றைய முதல் வகுப்பில் இல்லை.

ஆத்திசூடி இவ்வரிசையைத் தழுவி அமைந்த நூல். ஙகரத்தில் தொடங்கும் வழக்குச்சொல் இன்மையால், அங்கு அவ்வெழுத்தே ஒரு சொல்லாக நின்று உவமையாக்கப்பட்டுள்ளது. வரிசையை முழுமையாக்கவேண்டிய கட்டாயமே இதற்குக் காரணம். ‘தங்கை’, ‘மாங்காய்’ முதலியவற்றில் குழந்தைக்குத் தேவைப்படுவது ‘ங்’ மட்டுமே. எனினும் வாய்பாட்டு முறையில் ஙகர வரிசையின் 12 உயிர்மெய்களும் பிற வரிசைகளுக்கு ஈடான நேரத்தைப் பெறுகின்றன.

வரிவடிவத்தால் எழும் இடர்கள்

இலக்கணப்படி ‘க்’ அடிப்படை. ‘க்’ உடன் ‘அ’ சேர ‘க’ பிறக்கிறது. வரிவடிவத்திலோ ‘க’ அடிப்படை; அதன்மேல் புள்ளி சேர ‘க்’ உண்டாகிறது. கண்ணுக்கு ஒன்று கூடும்போது செவிக்கு ஒன்று குறைகிறது. புள்ளியின் பணி ஒலியைக் குறைப்பது என்பதைத் தனித்துக் கற்பிக்காவிடின், ‘பட்டம்’ என்பதைக் குழந்தை ‘படடம’ எனப் படிப்பது இயல்பே.

துணைக்குறிகள் எழுத்தின் வலம், இடம், மேல், கீழ் ஆகிய எல்லாத் திசைகளிலும் அமைகின்றன. ‘கெ’ என்பதில் முதலில் காணப்படுவது கொம்பு. முதலில் ஒலிக்கப்படுவதோ ககரம். ‘கொ’ என்பதில் ஓர் உயிரொலியின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலிய வடிவங்களைப் பொதுவிதிக்குள் கொண்டுவந்து இச்சுமையை ஓரளவு குறைத்தது. உகர, ஊகார வரிசைகள் அதனுள் அடங்கவில்லை. கு, சு, டு, து ஆகிய நான்கும் ஒரே உயிரை நான்கு விதமாகக் காட்டுகின்றன. ஆதலின் இவ்விரு வரிசைகளையும் மெய்வரிசையில் அன்றி, வடிவ ஒப்புமை கொண்ட குழுக்களாகப் பிரித்துக் கற்பிப்பது பொருத்தமாகும்.

வரிசை மாற்றமும் சொல்லாக்கமும்

நெடுங்கணக்கின் முதல் ஐந்து மெய்களின் அகர வடிவங்களான க, ங, ச, ஞ, ட ஆகியவற்றையும் புள்ளியையும் ஒரு குழந்தை அறிந்துள்ளதாகக் கொள்வோம். அவற்றால் கட்ட, கசக்க, கடக்க, கசங்க போன்ற வினையெச்சங்கள் அமைகின்றன. குழந்தை படத்தில் கண்டு பெயர் சொல்லக்கூடிய பொருள் எதுவும் எளிதில் அமைவதில்லை. மாறாக ட, ப, ம, ர, க ஆகிய ஐந்தையும் புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மரம், பட்டம், கட்டம், பக்கம், மடம் எனப் பல பெயர்ச்சொற்களைப் படிக்க இயலும். எழுத்துகளின் எண்ணிக்கை ஒன்றே, பயன் வேறு.

இவ்வேறுபாட்டிற்கு மகரமே முதன்மைக் காரணம். தமிழ்ப் பெயர்ச்சொற்களில் மகர ஈறு மிகுதி. நெடுங்கணக்கிலோ மகரம் பத்தாவது மெய். மேலும் ட, ப, ம ஆகியவை நேர்கோடுகளாலும் எளிய வளைவுகளாலும் ஆனவை. பிஞ்சு விரல்களுக்கு ஞகரத்தைவிட எளியவை. வடிவ எளிமை, சொல்லாக்கத் திறன் ஆகிய இரண்டும் இவ்விடத்தில் ஒருங்கே அமைகின்றன. உயிரெழுத்துகளின் தனிவடிவங்கள் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வருவதால், பன்னிரண்டையும் முடித்த பின்னரே மெய்க்குச் செல்லவேண்டும் என்னும் வரையறையும் மறுஆய்வுக்குரியது.

படச்சொற்களும் பேச்சொலியும்

எழுத்து வரிசையை மாற்றுவதால் மட்டும் இடர் நீங்குவதில்லை. எழுத்தை அறிமுகப்படுத்தும் படச்சொல் குழந்தையின் வாயில் எவ்வாறு ஒலிக்கிறது என்பதும் கருதத்தக்கது. இகரத்திற்கு ‘இலை’, உகரத்திற்கு ‘உரல்’, எகரத்திற்கு ‘எலி’, ஒகரத்திற்கு ‘ஒட்டகம்’ ஆகியன அட்டைகளில் பரவலாகக் காணப்படும் சொற்கள். இலைப் படத்தைக் கண்ட குழந்தை ‘எல’ என்கிறது. எலிப் படத்தைக் கண்டு ‘எலி’ என்கிறது. இரண்டிலும் முதலொலி ஒன்றே. அட்டையோ இருவேறு எழுத்துகளைக் காட்டுகிறது. உரலும் ஒட்டகமும் அவ்வாறே.

இது கொச்சை என ஒதுக்கத்தக்கதன்று. ஒழுங்கான ஒலி விதிக்கு உட்பட்டது. சொல்லின் முதலசையில் குறிலான இகரமோ உகரமோ நின்று, ஒற்றை மெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வரின், பேச்சுத் தமிழில் அவை பெரும்பாலும் எகர, ஒகரங்களாகின்றன. இடம்-எடம், நிறம்-நெறம், விலை-வெல, உடம்பு-ஒடம்பு, குடை-கொட, முகம்-மொகம் என்பன சான்றுகள். கன்னடத்தில் இலை ‘எலெ’ எனவும் உரல் ‘ஒரளு’ எனவும் வழங்குவதை நோக்க, இம்மாற்றம் தமிழ்ப் பேச்சுக்கு மட்டும் உரியதன்று என்பதும் புலனாகும்.

விதி தெரிந்தால் அதனைத் தவிர்க்கும் சொற்களைத் தெரிவுசெய்வதும் எளிது. அடுத்த அசையில் இகரமோ உகரமோ வரும் சொற்களில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. ‘இஞ்சி’, ‘இட்லி’, ‘உப்பு’ ஆகியன பேச்சிலும் எழுத்திலும் ஒரே முதலொலியை உடையன. முதல் அறிமுகத்திற்கு இத்தகைய சொற்களும், எழுத்து உறுதிப்பட்ட பின்னர் இலை, உரல், குடை போன்றனவும் வருதல் முறையாகும்.

பிழை வகைப்பாடு

மேற்கண்ட விளக்கத்தின் அடிப்படையில் தொடக்க வகுப்பின் எழுத்துப்பிழைகளை இரண்டாகப் பகுக்கலாம். ‘கேணி’ என எழுதக் கருதிக் ‘கெணி’ என எழுதுவது வரிவடிவப் பிழை. குறியைப் பற்றிய அறிவு அங்குக் குறைவாக உள்ளது. ‘வெல’, ‘கொட’, ‘பல்லு’, ‘தல’ என எழுதுவன பேச்சொலிவழிப் பிழைகள்; அங்குக் குழந்தை தான் ஒலிப்பதைத் துல்லியமாகப் பகுத்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைத் தெரிந்து எழுதியுள்ளது. ‘மரம்’ என்பதை ‘மர’ என எழுதுவதும் இவ்வகையினதே. பேச்சில் ஈற்று மகரம் தனி மெய்யாக ஒலிக்காது உயிரின் மூக்கொலியாக மெலிகிறது.

எழுதியதைக் குழந்தையையே படிக்கச் செய்வதன்மூலம் இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம். ‘கொட’ என எழுதிக் ‘கொட’ என்றே படித்தால் எழுத்து-ஒலி இணைப்பு நன்கு அமைந்துள்ளது எனலாம். அக்குழந்தைக்குத் தேவை ககர வரிசையை மீண்டும் பத்து முறை எழுதுவதன்று. ‘நாம் கொட என்று சொல்வதைக் குடை என்று எழுதுவோம்’ என்னும் ஒரு வழிகாட்டலே. இரு பிழைகளுக்கும் ஒரே சிவப்புக் கோடு இடப்படும்போது, தன் செவியை நம்பலாகாது என்பதையே குழந்தை கற்கிறது. செவியை நம்பாத குழந்தைக்கு எஞ்சும் வழி கரும்பலகையைப் பார்த்து வரைவது. பார்த்து அழகாக எழுதும், ஆனால் புதிய சொல்லைப் படிக்க இயலாத மாணவர் மேல்வகுப்புகளில் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. நெடுங்கணக்கு ஒலி வகைப்பாட்டு வரிசை. அகராதி பார்க்கவும் இலக்கணம் கற்கவும் அது இன்றியமையாதது. ஆதலின் எழுத்தறிமுகத்தின் தொடக்கமாக அன்றி, நிறைவாக அது அமையலாம்.

2. வடிவ எளிமையும் சொல்லாக்கத் திறனும் ஒருங்கே உடைய எழுத்துகளை முதலில் கற்பிப்பதால், முதல் வாரங்களிலேயே குழந்தை பொருளுடைய சொற்களைப் படிக்க இயலும்.

3. படச்சொற்களைத் தெரிவுசெய்யும்போது பேச்சொலியும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்பதை நோக்குதல் வேண்டும்.

4. பேச்சொலிவழிப் பிழைகளை வரிவடிவப் பிழைகளினின்றும் பிரித்து மதிப்பிடும் பயிற்சி ஆசிரியர் கல்வியில் இடம்பெறுதல் வேண்டும்.

பேச்சொலி வட்டாரந்தோறும் வேறுபடுவதால், ஒரே படச்சொல் அட்டை எல்லா மாவட்டங்களுக்கும் பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை. வட்டார வழக்குகளைத் தொகுத்து ஆராயும் மொழியியலாளரும் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் இணைந்து அட்டைகளை உருவாக்குவதற்கான களம் இங்குள்ளது.