அஞ்சறைப் பெட்டி எங்கே?

புகுந்த வீட்டு அடுப்படியில் முதல் நாள் நின்றது நினைவிருக்கிறதா? சமைக்கத் தெரியாமலா விழித்தோம்? அஞ்சறைப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் அல்லவா விழித்தோம்! கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போதெல்லாம் நம் கதி அதேதான்.

பள்ளிக்கூடத்தில் விண்டோஸ் 98 படித்தேன், கல்லூரியில் எக்ஸ்பி. இனி நமக்கென்ன என்று இருந்தபோது 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. பதினேழு வருஷமாக இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம்! மறு வருஷம் 8.1-ல் திரும்பி வந்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்ததும் மூலையை விட்டு நடுவே நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. என் கை மட்டும் இன்னும் மூலைக்கே போகிறது.

என் அத்தைக்கு வயது அறுபத்திரண்டு. மயிலாப்பூரில் வீட்டிலேயே அப்பளம், வடாம் போட்டு விற்கிறாள். யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 அத்தையின் பழைய மெஷினில் இல்லை. புதிது வாங்கப் பணம்?

"லினக்ஸ் போட்டுவிடலாம் அத்தை, காலணா செலவில்லை" என்றேன், மகா நிபுணியைப் போல. 1991-ல் பின்லாந்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது அது. கணக்கைப் பென் டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு வேலையில் இறங்கினேன்.

முதல் நாளே தகராறு. கறுப்பு ஜன்னலில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. "கீபோர்டு போச்சுடி!" என்றாள் அத்தை. நிபுணியும் நம்பி வேறு கீபோர்டு மாட்டினாள்! பக்கத்தில் இருப்பவர் எழுத்தை எண்ணிவிடக் கூடாதே என்றுதான் அது எதையும் காட்டுவதில்லையாம். பேசாமல் அடித்துவிட்டு என்டரைத் தட்டினால் போதும்.

மறு வாரம் காலையில் போன். "ஐயோ, எல்லாம் போச்சே!" முந்தின நாள் மாலை முழுக்க உட்கார்ந்து ஏற்றிய இருபத்திரண்டு வீட்டுப் பாக்கியைக் காணோமாம். அத்தையின் மூன்று மாத லாபமே அதற்குள்தான். ஓடினேன். குப்பைத் தொட்டியைத் துழாவினேன். பென் டிரைவைப் புரட்டினேன். ஊஹூம். வியர்த்துவிட்டது.

அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை நிதானமாகப் படித்தாள். "ஏண்டி, இங்கே ரெண்டு கணக்கு இருக்கே? ஒண்ணுக்குப் பெரிய 'கே', இன்னொண்ணுக்குச் சின்ன 'கே'."

அதேதான்! விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். 'பழையதன் மேல் எழுதட்டுமா?' என்று கேட்கும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். அத்தை அவசரத்தில் சின்ன எழுத்தில் பெயர் கொடுத்துச் சேமிக்க, பழைய கணக்கின் பக்கத்திலேயே புதுக் கணக்கு ஒன்று பிறந்துவிட்டது. இதை நான் எப்போதோ படித்தவள்தான். சமயத்துக்கு வந்தால்தானே!

அத்தை சின்ன 'கே'யைத் திறந்தாள். பாக்கிகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

முதல் பெயர் என்னுடையது. வடாம் ஒரு கிலோ, நானூற்றிருபது ரூபாய்.