புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படிங்க!

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, அதில் கிராபிக்ஸ் கார்டைச் சொருகி கேமிங் பிசியாக மாற்றுவது பட்ஜெட் கேமர்களின் பழைய டெக்னிக். நிறுவனங்கள் கழித்துவிடும் கோர் ஐ5 மெஷின்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் மலிவாகக் கிடைக்கும். மிச்சப் பணம் மொத்தமும் கார்டுக்கு. கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கேபினெட்டைத் திறக்கும்போதுதான் சிக்கல் தெரியும். கார்டின் தலையில் 8 பின் பவர் சாக்கெட் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயரே இருக்காது. ஆசையாகச் சேர்த்த காசு, ஆன் ஆகாத கார்டாக மேஜையில் கிடக்கும்.

காரணம் எளிமையானது. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் என்றால் கூடுதலாக 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். எக்ஸெல் ஷீட்டும் பிரவுசரும் ஓட்டச் செய்த ஆபீஸ் மெஷினுக்கு இந்த வயர் எதற்கு? டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 டவர் மாடலின் எஸ்எம்பிஎஸ்ஸே 240 வாட்தான். அதன் சின்ன கேபினெட் மாடலில் 180 வாட். சரி, வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றிக்கலாம் என்றால், அதுவும் நேரடியாக முடியாது. மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரே கடையில் கிடைக்கும் சாதாரண 24 பின் வகை இல்லை.

அப்போது கடைக்காரர் நீட்டுவது ஒரு சின்ன கன்வெர்ட்டர். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் ஐட்டம். விலை ரொம்பக் குறைவு. ஆனால் சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது சுமார் 54 வாட். 6 பின்னில் கார்டு கேட்கக்கூடியது 75. கேம் ஓட ஓட அந்த பிளாஸ்டிக் சூடேறி உருகலாம். அதை வாங்காமல் வருவதே நல்லது.

அசெம்பிள் செய்த பிசி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஸ்டிக்கரில் உள்ள கட்டத்தில் +12வி என்ற வரிசைக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த வரிசையிலிருந்துதான். 20 ஆம்பியர் என்று இருந்தால், 20 × 12 = 240 வாட். அவ்வளவுதான் உங்கள் உண்மையான பட்ஜெட். 65 வாட் ப்ராசஸர், 130 வாட் கார்டு, ஃபேன், ஹார்டு டிஸ்க் எல்லாம் கூட்டினால் விளிம்புக்கே வந்துவிடுகிறது. கார்டுகள் நொடிப்பொழுதில் தங்கள் அளவைத் தாண்டியும் கரண்ட் இழுக்கும். பாஸ் ஃபைட் நடுவில் பிசி தானாக ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான்.

யுபிஎஸ்ஸையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரையும் சேர்த்து.

ஒரே பேர், ரெண்டு கார்டு

ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. அந்தப் பெயரில் ரெண்டு கார்டு இருக்கிறது. 2022-ல் வந்தது 8 ஜிபி, 2560 கோர், 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 70 வாட். மெமரி மட்டும் குறைக்கப்படவில்லை, வேகமும் குறைவு. டெக் விமர்சகர்கள் என்விடியாவைத் திட்டியதில் நியாயம் உண்டு, பெயரை மாற்றியிருக்கலாம்.

ஆனால் ஆபீஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்கு அந்த 'குறைந்த' கார்டுதான் சரியான கார்டு. 70 வாட் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயர் தேவையில்லை. ஸ்லாட்டில் சொருகினாலே போதும். ஒல்லி கேபினெட்டுக்கான லோ புரொஃபைல் வடிவிலும் கிடைக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் 8 பின் வயரும் உள்ளவருக்கு இந்தச் சிபாரிசு பொருந்தாது. 132 வாட் ஆர்எக்ஸ் 6600 இந்த ரெண்டு 3050-ஐயும் வேகத்தில் முந்திவிடும்.

இன்டெல் ஆர்க் பி580-ல் 12 ஜிபி மெமரி. பார்த்தால் ஆசை வரும். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் ஆர்க் கார்டுகள் தடுமாறும், ஆறாம் ஏழாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேறு ரகம். மதர்போர்டோடு பேச அது வெறும் 4 லேன்தான் பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும், 3.0 போர்டில் வேகம் விழும். ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்டிருந்தால், மதர்போர்டு எவ்வளவு புதுசாக இருந்தாலும் அது 3.0 தான்.

கார்டுதான் பிரச்னையா?

காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு கார்டு போட்டிருப்பவர்கள் வாங்கப் போகும் முன் இதைச் செய்து பார்க்கலாம். வழக்கமாக விளையாடும் கேமைத் திறந்து ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் ரேட் எகிறினால், திணறுவது கார்டுதான். ஃபிரேம் ரேட் அசையவே இல்லை என்றால், திணறுவது ப்ராசஸர். அங்கே எவ்வளவு விலையில் கார்டு போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேலரண்ட் மாதிரி ப்ராசஸரை நம்பி ஓடும் கேம்களில் இது அடிக்கடி நடக்கும். 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், இன்னொன்றைப் போட்டு டூயல் சேனல் ஆக்குவது புதுக் கார்டைவிட மலிவான வைத்தியம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறை முடிவுக்கு வந்ததும், அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் குவியலாக மார்க்கெட்டுக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு செத்துவிடாது. ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும். இன்னொரு ஏமாற்று, ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்கும் 2048எஸ்பி வகை. ஒரிஜினல் 580-ல் 2304 கோர். இதில் 2048, அதாவது பழைய 570 அளவு. விற்பவர் முன்னாலேயே ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். கோர் எண்ணிக்கை அதில் தெரியும், பல போலி என்விடியா கார்டுகளையும் அது காட்டிக்கொடுத்துவிடும். 1050 டிஐ போன்ற பாஸ்கல் காலத்துக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆயிரம் ரூபாய் குறைவு என்று சொன்னாலும் 1650-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஸ்கேல் வைத்து கேபினெட்டின் உள்நீளத்தை அளந்துவிட்டு வாங்கியிருந்தால் கார்டு உள்ளே போகும். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ஸ்லாட் முனையில் இருக்கும் லாக் 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும். ஸ்க்ரூவை மறக்கக் கூடாது, கார்டின் எடையைத் தாங்குவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

எல்லாம் முடித்து ஆன் செய்தும் ஸ்க்ரீன் கறுப்பாகவே இருந்தால், கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் இன்னும் பழைய இடத்தில், மதர்போர்டிலேயே சொருகி இருக்கும்.