எட்டுக் கருவும் நூறு கருவும்

மாணவர்களே! தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால் சென்னை ஐ.ஐ.டி. அணித்தே உள்ளது. அங்கு உருவாகி 2018ஆம் ஆண்டில் சில்லாக வெளிவந்த ‘சக்தி’ செயலியின் வரிசையில் எட்டுக் கருக்கள்வரை கொள்ளும் ‘எம்’ வகுப்பும், பெருங்கணிப்புக்கென மிகப் பல கருக்கள் கொள்ளும் ‘எச்’ வகுப்பும் வகுக்கப்பெற்றன. கரு, அதாவது கோர், கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பு. முன்னதை மல்ட்டிகோர் என்றும், பின்னதை மெனிகோர் என்றும் வழங்குவர்.

எண்ணிக்கை மட்டுமே வேறுபாடு அன்று. மல்ட்டிகோரில் ஒவ்வொரு கருவும் வலியது. விரைவு நினைவகம் மிகுதியாக உடையது. ஒற்றை வேலையை விரைந்து முடிப்பது. மெனிகோரில் எளிய கருக்கள் நெருக்கி அமைக்கப்படும். தனியே மெதுவானவை, கூடிச் செய்வது பெரிது.

விடைத்தாள் திருத்தியே தலை நரைத்தவன் யான். நூறு கட்டுகளை நூறு பேருக்குப் பங்கிடலாம். இறுதிப் பட்டியலைச் சரிபார்ப்பவர் ஒருவரே. 1967இல் ஜீன் ஆம்டால் வற்புறுத்தியதும் இதுவே. ஒரு வேலையில் பத்திலொரு பங்கு பிரிக்கவொண்ணாதது என்க. எட்டு வலிய கருக்கள் அதனை 4.7 மடங்கு விரைவாக்கும். பாதி வேகமுடைய நூறு கருக்களோ 4.6 மடங்கே! பிரிக்கவொண்ணாதது நூற்றிலொரு பங்காயின், எட்டுக் கருக்கள் 7.5 மடங்கில் நிற்க, நூறு கருக்கள் 25 மடங்கை எட்டிவிடும்.