பால்வெட்டு நேரத்தில் ஒரு மெதுவோட்டம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மேடு பள்ளமாக ஓட ஏற்ற பழைய தடங்களில் பல பால்மரத் தோட்டங்களுக்காகப் போடப்பட்டவை. நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டுக் கத்தியோடு நடந்த செம்மண் சடக்குகள் அவை. உலக ஓட்ட வரலாற்றிலும் அவற்றுக்கு இடம் உண்டு. 1938-இல் ஆல்பர்ட் ஸ்டீபன் இக்னேஷியஸ் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் நண்பர்களும் கோலாலம்பூரில் ‘ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்’ குழுவைத் தொடங்கி, நகரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில்தான் ஓடினார்கள். முன்னே போகிறவர் காகிதத் துண்டுகளைத் தூவிப் பொய்த்தடமும் போட்டு வைப்பார். வேகமாக ஓடுகிறவர்கள் அதில் போய் மாட்டித் திரும்புவதற்குள் பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் மாண்டார். போருக்குப் பின் குழு மீண்டும் கூடியது. அதன் வழியில் வந்த குழுக்கள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. அந்தப் புகழில் ஒரு பங்கு, தடத்தை மிதித்து மிதித்து உண்டாக்கிய பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

பால்வெட்டு ஏன் விடியலில் நடந்தது? மரத்தின் பட்டைக்குள் பால் நிறைந்த நுண்குழாய்கள் இருக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை. வேர் மட்டும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விடியுமுன் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே போகிறது. கார் டயரில் அடைக்கும் காற்றைவிட இது நான்கைந்து மடங்கு அதிகம். கத்தி பட்டதும் பால் பீறிட்டு வருவது இதனால்தான். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

ஓடுகிறவர்களுக்கும் அதே விடியல்தான் நல்லது. ஆனால் பலர் கைப்பேசியில் ‘ஈரப்பதம் 95 விழுக்காடு’ என்று பார்த்துவிட்டு, வியர்வை காயாதே என்று தயங்குகிறார்கள். அந்த எண் நம்மைத் திசைதிருப்புகிறது. வியர்வை ஆவியாவதை முடிவு செய்வது, தோலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். விடியலில் 24 பாகை, 95 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காற்றின் நீராவி அழுத்தம் சுமார் 2.8 கிலோபாஸ்கல். பிற்பகலில் 33 பாகை, 60 விழுக்காடு என்றால் சுமார் 3.0. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! 35 பாகையில் இருக்கும் ஈரத் தோலின் மேல் அது 5.6. அதாவது, பிற்பகலில் காய்கிற அளவுக்கு விடியலிலும் வியர்வை காயும். மரத்துக்கு அப்படியில்லை. அதன் இலை விடியலில் காற்றின் வெப்பத்திலேயே இருப்பதால், நீராவி ஏறக்குறைய நிறைந்த காற்றுக்குள் அதனால் அதிகம் நீரை விட முடியாது. நம் உடலோ தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஒரே காற்று மரத்தின் பாலைக் காக்கிறது, நம் வியர்வையையும் ஆற விடுகிறது.

விடியலில் வேறு இரண்டு ஆதாயங்களும் உண்டு. சுள்ளென்ற வெயில் இல்லை. தோலுக்கும் காற்றுக்கும் 11 பாகை வித்தியாசம் இருப்பதால், ஓடும்போது முகத்தில் படும் காற்றே கொஞ்சம் சூட்டை எடுத்துச் செல்லும். 33 பாகைப் பிற்பகலில் அந்த உதவி அநேகமாக இல்லை. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்குப் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் பெரும்பகுதி வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரியைக் கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் அந்தப் பயன் கிடையாது. மாலையில் ஓடுகிறவர்கள் மழை விட்டு, இடி ஓயும்வரை பொறுக்க வேண்டும். மின்னல் மிகுந்த பகுதி இது. மேட்டில் தனியாக நிற்பது ஆபத்து.

இனி மேடு பள்ளத்துக்கு வருவோம். இத்தாலிய உடலியலாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002-இல் மலையோட்ட வீரர்களைச் சரிந்த ஓடுபொறியில் ஓடவிட்டு அளந்தார்கள். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் சரிவில், சமதளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. இறக்கத்தில் செலவு குறைகிறது. 20 விழுக்காடு இறக்கத்தை ஒட்டி அது ஆகக் குறைவு. அதைவிடச் செங்குத்தாகப் போனால், விழாமல் தாங்கிக்கொள்ளவே தசைகள் உழைக்க வேண்டியிருப்பதால், செலவு மறுபடி ஏறுகிறது. மூச்சு வாங்குவது ஏற்றத்தில் என்றாலும் வலி வருவது இறக்கத்தால்தான். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. ஓரிரு நாள் கழித்துப் படியிறங்க முடியாது. ஒருமுறை இப்படிப் பாதிக்கப்பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை நன்றாகவே தாங்கும். ஆகவே தசையை மெல்லப் பழக்க, முதல் வாரம் இறக்கத்தில் நடந்து இறங்குங்கள்.

தோட்டத்துக் குன்றுகளில் பால்மரங்களைச் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் படி படியாக நட்டிருப்பார்கள். மண் கரையாமல் இருக்கவும், தோளில் காண்டாக் கம்பும் இரு முனையிலும் பால் வாளியுமாக நடப்பவருக்குச் சமமான பாதை கிடைக்கவும்தான் அந்த ஏற்பாடு. படிகளில் ஓடினால் சமதளம். படிவிட்டுப் படி தாவினால் ஏற்றம். ஒரே குன்றில் இரண்டு பயிற்சி. காய் வெடிக்கும் பருவத்தில் மட்டும் கவனம் தேவை. பழுப்புப் புள்ளிகள் போட்ட வழவழப்பான கொட்டைகள் காய்ந்த சருகுக்குள் ஒளிந்திருக்கும். மிதித்தால் கால் உருண்டுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குப் பக்கத்தில் கிடைப்பது புக்கிட் கியாரா. ஒரு காலத்தில் அதுவும் தோட்டம். பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. கிள்ளானில் இருப்பவர்களுக்கு இந்த வசதி குறைவு. கடலோர வண்டல் சமவெளியும் செம்பனையும் கேரித் தீவு வரை தட்டையாகக் கிடக்கின்றன. குன்றுகள் வேண்டுமென்றால் உள்ளே, செமினி, புரோகா, உலு லங்காட் பக்கம் போக வேண்டும். அங்கேயும் தோட்டங்கள் வீடமைப்பு நிலமாகிக்கொண்டிருக்கின்றன. மண்வாரி இயந்திரம் முதலில் சமப்படுத்துவது மேட்டைத்தான். மேடு போனால் படிகளும் சடக்கும் சேர்ந்தே போய்விடும். தோட்டத்துக் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடம் கேட்டுப் போராடியிருக்கிறோம். நடந்த பாதைக்காகவும் கேட்கலாம். ஓட்டக் குழுக்களின் கைப்பேசிகளில் ஓடிய தடமெல்லாம் தானாகவே பதிவாகிறது. அந்தப் பதிவுகளை ஒரே வரைபடமாகச் சேர்த்து, காஜாங் நகராண்மைக் கழகம் போன்ற மன்றங்களிடம் திட்ட வரைவு நிலையிலேயே கொடுத்தால், எந்தச் சடக்கைப் பூங்காப் பாதையாக விட்டுவைக்கலாம் என்று அவர்களால் பார்க்க முடியும்.